மருந்தா, படுக்கையா? வாலஸ் ஃபாக்ஸும் சென்னைக் காசநோய் ஆய்வும்

காசநோய் கண்டவர் தம் வீட்டில் இருந்தபடியே, உடம்பு இடங்கொடுத்தால் தம் வேலையையும் பார்த்துக்கொண்டே, மாத்திரை உண்டு குணமடையலாம் என்பது இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுதிவைக்கும் அளவுக்குப் பழகிப்போன செய்தி. 1950களின் நடுவில் இதையே ஒருவர் சொல்லியிருந்தால், லண்டனிலும் சரி, சென்னையிலும் சரி, நெஞ்சக மருத்துவர்களில் பெரும்பாலோர் அதைப் பொறுப்பற்ற பேச்சு என்றே ஒதுக்கியிருப்பார்கள். அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வு சென்னை சேத்துப்பட்டில் இருந்த ஒரு மையத்தில் நடந்தது. அந்த மையத்தின் முதல் ஐந்தாண்டுகளில் அதன் ஆய்வுகளை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் (1920–2010) என்னும் பிரித்தானிய மருத்துவர். நோயாளியின் கட்டிலருகில் தொடங்கும் மருத்துவம், எத்தனை பேருக்கு நோய் வருகிறது, யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது, எந்தச் சிகிச்சை எத்தனை பேரைக் காப்பாற்றுகிறது என்று கூட்டமாக வைத்துக் கணக்குப் பார்க்கும் தொற்றுநோய்ப் பரவலியலோடு எங்கே சேர்கிறது என்பதற்கு அவருடைய பணிவாழ்க்கை தெளிவான சான்று. அவர் கண்டறிந்தவற்றில் அரசுகள் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன என்பதும் அதே அளவுக்குத் தெளிவானது.

காசநோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலத்தில் சிகிச்சை என்பது இடத்தைச் சார்ந்ததாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்மன் பிரேமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மலையடிவாரத்தில் தொடங்கிய சானடோரியம் முறை, தூய காற்று, நீண்ட ஓய்வு, கொழுத்த உணவு ஆகிய மூன்றையும் நம்பியது. 1882இல் ராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்த பிறகு, நோயாளியைப் பிறரிடமிருந்து பிரித்துவைத்தல் என்னும் நான்காவது நியாயமும் அதோடு சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டுக்கு இம்முறையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை இராமானுஜன் சில காலம் நோயாளியாக இருந்தார். அதே மருத்துவர் 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சிறிய சானடோரியம் பின்னர் அரசின் கைக்கு வந்தது. மின்சார ரயிலில் போகிறவர்கள் அதன் பெயரை ஒரு நிலையத்தின் பெயராக இன்றும் கேட்கிறார்கள். இத்தகைய நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்கள் மிகச் சிலர். கிடைக்காதவர்களுக்கு எலும்புருக்கி என்ற அந்நோயின் பெயரே தீர்ப்பாக இருந்தது.

1940களில் மருந்துகள் வரத் தொடங்கின. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1947இல் 107 நோயாளிகளிடம் சோதித்தபோது, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த சமவாய்ப்பு முறைப்படி, மூடிய உறைகளில் இருந்த சீட்டுகளைக் கொண்டு முடிவு செய்தார்கள். சமவாய்ப்பு ஒதுக்கீடு என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டின் பயன் எளிதில் விளங்கக்கூடியது: தேறக்கூடியவர் என்று தோன்றுபவருக்கு நல்ல மருந்தையும் தேறாதவர் என்று தோன்றுபவருக்கு மற்றதையும் கொடுத்துவிட்டு, மருந்தே வென்றது என்று மருத்துவர் தம்மையும் அறியாமல் சாதித்துவிட முடியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. முறையே 32 பேரும் 35 பேரும் உயிரோடு இல்லை. ஒற்றை மருந்துக்கு நுண்ணுயிர் பழகிக்கொண்டு பின்னர் அதற்குக் கட்டுப்படாமல் போகும் மருந்து எதிர்ப்புத்தன்மையே இதற்குக் காரணம். பி.ஏ.எஸ். என்று சுருக்கமாக வழங்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952இல் வந்த ஐசோநியசிடும் கிடைத்த பிறகு, இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இந்த எதிர்ப்பைத் தடுக்கலாம் என்பது உறுதியாயிற்று.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் காசநோயாளிகளுக்கிடையே பணியாற்றிய ஃபாக்ஸ், அந்த 1952இலேயே மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் காசநோய் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். பழைய முறையில் பழகிய கடைசித் தலைமுறையும் புதிய சோதனை முறையில் பயிற்சி பெற்ற முதல் தலைமுறையும் ஒரே ஆளில் சந்தித்துக்கொண்டன என்று இதைக் கொள்ளலாம். சானடோரியத்தை வெளியிலிருந்து குறைகூறியவர் அல்லர் அவர்; அதன் நியாயங்களை அறிந்தவர் என்பதால்தான், அந்த நியாயங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும் ஆய்வை அவரால் நடத்த முடிந்தது.

இந்தியாவின் நிலைமை அப்படிப்பட்ட சோதனையைக் கட்டாயமாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, மக்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினருக்கு நுரையீரலில் செயல்படும் காசநோய் இருப்பதையும், ஆயிரத்துக்கு நான்கு பேர் அளவில் சளியில் கிருமியோடு பிறருக்குப் பரப்பும் நிலையில் இருப்பதையும் காட்டியது. நாடு முழுவதுக்கும் காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை. பரப்பக்கூடிய நிலையில் இருந்தவர்கள் மட்டுமே பல லட்சம் என்னும்போது, ஆளுக்கொரு படுக்கை என்னும் திட்டத்தை எந்த அரசாலும் எந்த நூற்றாண்டிலும் நிறைவேற்றியிருக்க முடியாது. நாகரிக நாடுகளின் தரத்தில் சிகிச்சை வேண்டும் என்று வாதாடியவர்கள், உண்மையில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே இல்லாத நிலையைத்தான் நீட்டித்துக்கொண்டிருந்தார்கள்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. ஐந்தாண்டுத் திட்டமாக வகுக்கப்பட்ட அது, பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது. முதல் ஆய்வின் கேள்வி நேரடியானது. ஒரே மருந்துகளை ஒரே அளவில் ஓராண்டு கொடுத்தால், சானடோரியத்தில் கிடக்கும் நோயாளிக்கும் சென்னையின் நெருக்கடியான ஒண்டுக்குடித்தன வீட்டில் இருக்கும் நோயாளிக்கும் விளைவு வேறுபடுமா? முன்பு மருந்து உண்டிராத, சளி வளர்ப்புச் சோதனையில் கிருமி இருப்பது உறுதியான, 12 வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சளியை ஊட்டப்பொருளில் வைத்துச் சில வாரங்கள் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இந்த வளர்ப்புச் சோதனை, கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிப் பார்ப்பதைவிட நுட்பமானது. மருந்து எதிர்ப்பு உண்டா என்பதையும் அதில் அறிய முடியும். முடிவுகளைக் கணக்கிட எடுத்துக்கொள்ளப்பட்ட 163 பேரில் 82 பேர் வீட்டுச் சிகிச்சைக்கும் 81 பேர் சானடோரியத்துக்கும் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் முடிவை மட்டும் சொல்வார்கள். வீட்டுச் சிகிச்சை என்று அங்கே நடந்தது என்ன என்பதுதான் முடிவைவிட முக்கியமானது. பி.ஏ.எஸ். நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் உண்ண வேண்டிய, குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குகிற மருந்து. ஐசோநியசிடோ சிறிய அளவே போதும், தொல்லையும் குறைவு. இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் நோயாளி இலகுவானதை விழுங்கிவிட்டுக் கசப்பானதைக் கொட்டிவிடுவார். அப்படிச் செய்தால் ஒற்றை மருந்தின் பழைய ஆபத்து திரும்பிவிடும். எனவே இரண்டும் ஒரே கூட்டுக்குள் அடைத்துத் தரப்பட்டன. நோயாளி வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்ல வேண்டும். வராதவரைத் தேடி ஆள் போகும். அதுதவிர, சுகாதாரப் பார்வையாளர் என்று அழைக்கப்பட்ட பெண் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று, மீதமிருக்க வேண்டிய கூடுகளின் எண்ணிக்கையும் டப்பாவில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். அப்போதே சிறுநீரும் வாங்கிவருவார்கள். பி.ஏ.எஸ். உண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் அது செவ்வூதா நிறமாக மாறும். மாறவில்லையென்றால் மருந்து வயிற்றுக்குள் போகவில்லை. மருந்துகள் ஒரே கூட்டில் இருந்ததால் இந்த ஒரு நிறமாற்றம் இரண்டுக்கும் சாட்சியாயிற்று. குடும்பத்தாரிடம் பேசுவது, சோர்ந்துபோனவரைத் தேற்றுவது, நெருங்கிய உறவினரை ஊடுகதிர்ப் படத்துக்கு அழைத்துவருவது ஆகியவையும் இதே பணியாளர்களின் கையில் இருந்தன. படுக்கையை நீக்கியது உண்மை. ஆனால் அந்த இடத்தில் கணிசமான மனித உழைப்பு வைக்கப்பட்டிருந்தது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் நீண்ட அறிக்கையாக வெளியான முடிவுகளின்படி, ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினரும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரும் சளியில் கிருமியற்ற நிலையை அடைந்திருந்தார்கள். இத்தனை சிறிய எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. அதன்பின் அதே நோயாளிகளை ஐந்தாண்டு வரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தபோது, நோய் திரும்புவதிலும் இரு பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டிலும் பத்தில் ஒன்பது பேர் அளவில் நலமாக இருந்தார்கள். சானடோரியத்தில் சலித்துப்போய்ச் சொல்லாமல் வெளியேறியவர்கள் இருந்தார்கள் என்பதும் கவனத்துக்குரியது. குடும்பத்தையும் கூலியையும் விட்டுவிட்டு ஓராண்டு படுத்திருக்கச் சொல்வது, பணக்கார நாட்டு மருத்துவம் ஏழைக் குடும்பத்தின் மீது சுமத்திய தண்டனையாகவே அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

வீட்டுச் சிகிச்சைக்கு எதிராக எழுந்த மிக வலுவான மறுப்பு நோயாளியைப் பற்றியதன்று, அவருடைய குழந்தைகளைப் பற்றியது. சிறிய அறையில் பாய் போட்டு வரிசையாகப் படுக்கும் குடும்பத்துக்குள் இருமுகிற ஒருவரை விட்டுவைப்பது மற்றவர்களுக்குச் செய்யும் கேடல்லவா என்ற கேள்வி இரக்கமும் தர்க்கமும் உடையது. ஃபாக்ஸின் குழு இதையும் ஊகத்துக்கு விடாமல், இரு பிரிவு நோயாளிகளின் நெருங்கிய குடும்பத் தொடர்பினரையும் தொடர்ந்து பரிசோதித்தது. வீட்டிலேயே இருந்த நோயாளிகளின் குடும்பத்தாரிடையே நோய் கூடுதலாகத் தோன்றவில்லை. நோயாளி தமக்கு நோய் என்று அறிந்து மருத்துவரிடம் வருவதற்கு முன்பே, பல மாதங்கள் இருமியபடி வீட்டில் இருந்திருக்கிறார். தொற்ற வேண்டியது பெரும்பாலும் அப்போதே தொற்றிவிட்டது. மருந்து தொடங்கிய பிறகோ அவர் பரப்பும் திறன் விரைவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நோயறிந்த பின் அவரைத் தொலைவில் கொண்டுபோய் வைப்பதால் தடுக்கப்படும் தொற்று மிகச் சொற்பம். பிரித்துவைத்தல் என்னும் நெடுங்கால நம்பிக்கை ஒன்று, குடும்பங்களைப் பொறுமையாகப் பின்தொடர்ந்த கணக்கினால் இவ்வாறு தகர்ந்தது. தொற்றுநோய்ப் பரவலியலின் வலிமை இங்கேதான் தெரிகிறது; தனி நோயாளியை எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் இந்த உண்மை கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்காது.

உணவைப் பற்றிய முடிவு இன்னும் சிக்கலானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாக ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், பலர் உழைக்கவும் செய்தார்கள். ஆனாலும் கிருமி ஒழிவதில் இரு சாராரும் ஒத்திருந்தார்கள். 1961இல் அம்மையத்தின் சி. வி. ராமகிருஷ்ணனும் பிறரும் வெளியிட்ட உணவாய்வு, பயனுள்ள மருந்துகளை ஓராண்டு ஒழுங்காக உண்ணும் நோயாளியிடத்தில், நோய் தணிவதற்கு உணவின் தரம் தீர்மானகரமான காரணியாக இல்லை என்று காட்டியது. நிபந்தனைகளோடு சொல்லப்பட்ட இம்முடிவு, திட்ட அலுவலகங்களைச் சென்றடைந்தபோது நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு, காசநோய்க்கு உணவு முக்கியமில்லை என்று சுருங்கிவிட்டது. மருந்துண்ணும் நோயாளி தேறுவாரா என்பது ஒரு கேள்வி; பட்டினி கிடக்கும் வீட்டில் நோய் தோன்றுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் பொருத்தியது ஆய்வாளர்களின் பிழையன்று, ஆய்வைப் படித்தவர்களின் பிழை.

வீட்டுச் சிகிச்சைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962இல் நாடு தழுவிய காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டபோது, சென்னையின் முடிவே அதற்கு அடித்தளமாயிற்று. பொதுவான வெளிநோயாளர் மருத்துவமனைகளிலேயே நோயறிந்து மருந்தும் கொடுக்கலாம் என்னும் அந்த ஏற்பாடு கொள்கையளவில் சரியானது. இருமலோடு அரசு மருத்துவமனைக்குத் தாமாகவே வந்தவர்களை, காசநோயைக் கண்டறியாமல் இருமல் மருந்து ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள் என்பதைப் பெங்களூர் நிறுவனத்தின் சமூகவியல் ஆய்வும் 1963இல் வெளிக்கொணர்ந்தது. ஆனால் சேத்துப்பட்டில் இருந்த வாராந்தரச் சந்திப்பும், எதிர்பாராத வீட்டு வருகையும், சிறுநீர்ச் சோதனையும், வராதவரைத் தேடிப் போகும் ஆளும் மாவட்டத் திட்டத்தில் இல்லை. மாத்திரைகளைக் கொடுத்தனுப்புவது மட்டுமே வீட்டுச் சிகிச்சை என்றாயிற்று. சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை முடித்தார்கள் என்பது அடுத்த முப்பது ஆண்டுகளில் அத்திட்டத்தின் மாறாத குறையாக இருந்தது.

இந்த ஆபத்தை ஃபாக்ஸ் முன்பே கண்டுகொண்டிருந்தார் என்பதுதான் வேதனையானது. முதல் ஆய்வின் அறிக்கை வெளியாவதற்கு முன்னரே, 1958இல், நோயாளி தாமே மருந்தை எடுத்துக்கொள்வதிலுள்ள சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். மருந்தை விடுகிறவர் அறியாமையால் விடுகிறார், எடுத்துச் சொன்னால் திருந்துவார் என்று மருத்துவர்கள் பொதுவாக நம்பினார்கள். படித்தவரும் விடுகிறார், மருத்துவரே நோயாளியானால் அவரும் விடுகிறார், யார் விடுவார் என்று முகத்தைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது அவர் கண்டது. இருமல் நின்று பசி திரும்பிய பிறகு பத்து மாதம் கசப்பை விழுங்குவது மனித இயல்புக்கு மாறானது. எனவே நோயாளியின் மனவுறுதியை நம்பியிராத சிகிச்சை ஒன்றை வகுப்பதே ஆராய்ச்சியாளரின் கடமை என்று அவர் கொண்டார். அவருடைய எஞ்சிய பணிவாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு கருத்தின் விரிவாகப் படிக்கலாம்.

முதல் விடையும் சென்னையிலேயே கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் கூடுதல் அளவு ஐசோநியசிடையும் வாரத்துக்கு இரண்டே முறை, பணியாளரின் கண்ணெதிரில் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் வீட்டில் தாமே உண்ணும் பி.ஏ.எஸ்.–ஐசோநியசிட் சிகிச்சையில் 85 விழுக்காட்டினர் கிருமியற்ற நிலையை அடைந்தபோது, வாரம் இருமுறைச் சிகிச்சையில் 94 விழுக்காட்டினர் அடைந்தார்கள். 1964இல் வெளியான இம்முடிவு இரண்டு நம்பிக்கைகளை ஒருங்கே மாற்றியது: கிருமியை அடக்க மருந்து ஒவ்வொரு நாளும் உடலில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, கண்ணெதிரில் உண்பிப்பதை மருத்துவமனைப் படுக்கை இல்லாமலேயே செய்ய முடியும். ஐசோநியசிடைச் சிலருடைய உடல் விரைவாகவும் சிலருடைய உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது என்னும் பரம்பரை வேறுபாடு, இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது எவ்வளவு முக்கியமாகிறது என்பதும் இதே ஆய்வு வரிசையில் தெரியவந்தது. தென்னிந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் மூவர் மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்கள்; வாரம் ஒருமுறை கொடுத்துப் பார்த்த சிகிச்சை விரைவுக்காரர்களிடம் தோற்றது.

சென்னை ஆய்வுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் பாராட்டிவிடவும் முடியாது. ஐசோநியசிடை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் அக்காலத்தில் நடந்தது. பி.ஏ.எஸ். வாங்க வசதியற்ற நாடுகள் எப்படியும் ஐசோநியசிடை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தன, அதனால் என்ன ஆகிறது என்று அறிவது அவசியம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நாள் அளவு முழுவதையும் ஒரே வேளையில் கொடுத்தால், அதே அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதைவிட அதிகமானோர் தேறுகிறார்கள் என்ற பயனுள்ள கண்டுபிடிப்பும் அதிலிருந்து வந்தது. பின்னாளைய ஒருவேளை மருந்து முறைக்கு அதுவே வித்து. ஆயினும் இரட்டை மருந்தின் மேன்மை ஏற்கெனவே தெரிந்திருந்த காலத்தில், ஒற்றை மருந்து பெற்றுத் தோற்றவர்கள் எதிர்ப்புத்தன்மை கொண்ட கிருமியைச் சுமந்து நின்றார்கள். அவர்களுக்கு அன்று மாற்று மருந்துகள் மிகக் குறைவு. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அந்த வடிவத்தை அனுமதிக்காது. ஏழை நாட்டுக்கு எது சாத்தியமோ அதையே சோதிப்போம் என்னும் வாதம் சானடோரியத்தை உடைத்தபோது நீதியாக இருந்தது. இங்கே அதே வாதம் நீதியின் எல்லையைத் தொட்டுவிட்டது.

1961இல் லண்டன் திரும்பிய ஃபாக்ஸ், 1965 முதல் 1986 வரை மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் காசநோய் மற்றும் நெஞ்சக நோய்ப் பிரிவின் இயக்குநராக, பிராம்ப்டன் மருத்துவமனையிலிருந்து பணியாற்றினார். அங்கிருந்தபடியே கிழக்கு ஆப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர், சென்னை ஆகிய இடங்களில் ஒரே வகையான வரைமுறையோடு ஆய்வுகளை நடத்தும் வலைப்பின்னலை உருவாக்கினார். நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிச்சிசன் இதில் அவருடைய நெடுங்காலத் துணை. ஓராண்டுக்கும் மேலாக நீளும் சிகிச்சையை நோயாளிகள் முடிக்கவில்லை என்றால், நோயாளியைக் குறைசொல்வதைவிடச் சிகிச்சையைச் சுருக்குவது மேல் என்பதே இந்த ஆய்வுகளின் அடிப்படை. 1970இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநியசிடும் மட்டும் ஆறு மாதம் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அவற்றோடு புதிய மருந்தான ரிஃபாம்பிசினைச் சேர்த்தபோது அது 3 விழுக்காடாகவும், கல்லீரலைக் கெடுக்கும் என்று அஞ்சி ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த பைரசினமைடைச் சேர்த்தபோது 8 விழுக்காடாகவும் குறைந்தது. வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோநியசிட் கொல்கிறது. மந்தமாக ஒளிந்துகிடந்து பின்னர் நோயைத் திரும்பக் கொண்டுவரும் கிருமிகளை ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் ஒழிக்கின்றன என்று மிச்சிசன் இதை விளக்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் ஆறு மாதச் சிகிச்சை இந்த ஆய்வுகளிலிருந்து பிறந்ததே.

பின்னர் தான்சானியாவில் கரேல் ஸ்டிப்லோ என்னும் காசநோய் வல்லுநர் குறுகிய காலச் சிகிச்சையைத் தேசியத் திட்டமாக்கிக் காட்டினார். 1993இல் காசநோயை உலக நெருக்கடியாக அறிவித்த உலக சுகாதார நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளில் நேரடிக் கண்காணிப்பில் குறுகிய காலச் சிகிச்சை என்பதை டாட்ஸ் என்னும் பெயரில் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. சேத்துப்பட்டில் முப்பதாண்டுக்கு முன் செய்துகாட்டப்பட்ட ஒன்று, வெளிநாட்டுச் சரக்கின் முத்திரையோடு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. இதிலும் ஒரு திரிபு நேர்ந்தது. ஃபாக்ஸுக்குக் கண்காணிப்பு என்பது நோயாளியின் சுமையை ஆய்வாளரும் பணியாளரும் பகிர்ந்துகொள்ளும் வழி; பல திட்டங்களில் அது, கூலி வேலைக்குப் போகிறவர் வாரம் மூன்று நாள் மையத்தின் வாசலில் காத்துக்கிடக்க வேண்டிய கட்டாயமாயிற்று. இதற்கிடையே, வீட்டுச் சிகிச்சையால் தேவையற்றுப்போகும் என்று எண்ணப்பட்ட தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் கண்டறிந்த பிறகு, வேறெங்கும் சேர்த்துக்கொள்ளப்படாத எய்ட்ஸ் நோயாளிகளை 1990களில் ஏற்று, அம்மருத்துவமனை அந்நோய்க்கான நாட்டின் பெரிய சிகிச்சை நிலையங்களில் ஒன்றாக மாறியது.

பட்டினி கிடக்கும் வீட்டில் நோய் தோன்றுமா என்னும், உணவைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை வர 60 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், சென்னை நிறுவனமும் பங்கேற்க, 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் இரு பிரிவாகப் பின்தொடரப்பட்டார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. மற்றதில் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் ஆகியவை தரப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, குடும்பத்தாருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்துண்பவரின் நோய் தணிய மருந்தே போதும் என்ற 1961இன் முடிவை இது மறுக்கவில்லை. அந்த முடிவின் எல்லை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டியது. நோயாளிக்கு இந்திய அரசு 2018இல் தொடங்கிய மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. நோய் இன்னும் வராத, ஆனால் அதே வீட்டில் உறங்கும் குடும்பத்தாருக்கான உணவோ, நன்கொடையாளர்கள் முன்வந்து தரும் பெட்டகத்தையே நம்பியிருக்கிறது.